மண்வாரியை வாடகைக்கு எடுத்து வீட்டுக் குளம் வெட்டலாமா?

பினாங்கு, சிம்பாங் அம்பாட்டில் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "40 அடி நீளம், 26 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு குளம் வெட்ட நினைக்கிறேன். மீன் விடவேண்டும், ஓரத்தில் அல்லி வைக்கவேண்டும். குத்தகையாளரிடம் கொடுக்காமல், மண்வாரியை (எக்ஸ்கவேட்டர்) வாடகைக்கு எடுத்து நானே செய்துவிடலாமா? எந்த அளவு மெஷின் எடுப்பது? எத்தனை நாள் பிடிக்கும்?"

செய்யலாம், தம்பி. நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 7 டன் எடை வகை மண்வாரி ஒன்றை, அதை ஓட்டுபவரோடு சேர்த்து, இரண்டு நாள்களுக்கு எடுங்கள். வாசல் குறுகலாக இருந்தால் 3 டன் மெஷின். அதற்கு மூன்று, நான்கு நாள் ஒதுக்குங்கள். மற்ற வேலைகளை நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் மெஷினுக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்கவேண்டும்: வெட்டிய மண் எங்கே போகப்போகிறது? செபராங் பிறையில் மண்வேலைகளைப் பல ஆண்டுகள் மேற்பார்த்தவன் நான். வீட்டுக் குளத்தில் பணம் கரைவது தோண்டும்போது இல்லை. தோண்டிய மண்ணுக்கு இடமில்லாமல் மெஷின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் கரைகிறது.

உங்கள் குளத்தின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 40க்கு 26 அடி என்றால் ஏறத்தாழ 12க்கு 8 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர். கரையைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே வருகிற மாதிரி சரிவு வைத்தால், அடித்தளம் ஏழரைக்கு மூன்றரை மீட்டராகச் சுருங்கும். அப்படி வெட்டினால் வெளியே வருவது ஏறத்தாழ 87 கன மீட்டர் மண். தரைக்குள் இறுகிக் கிடந்த மண் வெட்டியதும் உப்பிவிடும். களிமண்ணுக்கு 30 விழுக்காடு உப்பல் என்று வைத்துக்கொண்டால் மேலே குவிவது 113 கன மீட்டர். எடையில் 150 டன்னுக்கு மேல். ஒரு நடைக்கு 10 கன மீட்டர் ஏற்றும் லோரி என்றால் 11 அல்லது 12 நடை. இந்த எண்ணைக் கேட்டதும் பலர் முகம் மாறிவிடும், ஏனென்றால் தாளில் குளம் சிறியதாகத்தான் தெரிந்தது.

உங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது, அது பெரிய வசதி. 113 கன மீட்டரை 400 சதுர மீட்டர் பரப்பில் நிரவினால் 28 செண்டிமீட்டர் உயரம்தான் வரும். அமர்ந்த பிறகு இன்னும் குறையும். ஆகவே மண்ணை வெளியே அனுப்பாமல் நிலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. தாழ்வான மூலை இருந்தால் அங்கே நிரவுங்கள். காய்கறிப் பாத்திக்கு மேடு போடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: டுரியான், மா, ரம்புத்தான் மரங்களின் அடியைச் சுற்றி மண்ணைக் குவிக்காதீர்கள். வேர் மூச்சுவிட முடியாமல் மரம் மெல்ல மெல்லச் சாகும். இரண்டு ஆண்டு கழித்து இலை உதிரும்போது யாருக்கும் காரணம் புரியாது. அதேபோல, மழைநீர் இயல்பாக வடியும் வழியை மறித்து மேடு போட்டால் பக்கத்து வீட்டுக்குள் வெள்ளம் போகும்.

மண்ணை வெளியே அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "மண்ணை எனக்குக் கொடுங்கள், லோரியை நானே கொண்டுவருகிறேன்" என்று யாராவது வந்து நிற்பார். இலவசமாகத் தொலைந்தால் சரி என்று தோன்றும். ஆனால் தேசிய நிலச் சட்டப்படி, உங்கள் நிலத்து மண்ணை எல்லைக்குள் நீங்கள் நகர்த்திப் பயன்படுத்தலாமே தவிர, எல்லைக்கு வெளியே கொண்டுபோக நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 4சி பாரம் என்று சொல்வார்களே, அந்தப் பெர்மிட் இதற்குத்தான். பெர்மிட் இல்லாமல் போன லோரி வழியில் பிடிபட்டால், மண் யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்ற கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

அனுமதி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மண்வேலை தொடங்குவதற்கு முன் ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறவேண்டும் என்பது அதன் சாரம். மண்வேலை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது: தோண்டுதல், நிரவுதல், நிரப்புதல், மரம் வெட்டுதல்கூட அதற்குள் வரும். அதனால் "வீட்டுக் குளம்தானே" என்று இருந்துவிடாதீர்கள். கையால் வரைந்த ஒரு படம், நில கிராண்டின் (உரிமைப் பத்திரத்தின்) நகல், குளத்தின் அளவு, மண்ணை எங்கே நிரவப் போகிறீர்கள் என்ற குறிப்பு, இவற்றோடு செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிராண்டில் நிலம் விவசாய வகையா, கட்டட வகையா என்பதையும், ஏதேனும் நிபந்தனை எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின்புறம் ஆறோ பெரிய வடிகாலோ ஓடினால் அதன் ஓரம் அரசு ஒதுக்கிய நிலமாக இருக்கும். அங்கே ஒரு வாளி மண்கூட எடுக்கக் கூடாது.

இதைப் படிக்கும் பினாங்குத் தீவுக்காரர்களுக்கு, குறிப்பாகப் பாலிக் பூலாவ் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, ஒரு வார்த்தை. மலை நிலம் என்று அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் எவ்வளவு கட்டுப்பாடானவை என்பது ஊருக்கே தெரியும். சரிவில் குளம் வெட்டுவது தனிக் கலை. பொறியாளர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். மழையில் ஊறிய சரிவுக்கு மேலே அறுபது டன் தண்ணீரைத் தேக்கி வைப்பது கீழே குடியிருப்பவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி மெஷின். தொழிலில் இருப்பவர்கள் எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். கொமாட்சு வகையில் பிசி 30 என்றால் ஏறத்தாழ 3 டன், பிசி 75 என்றால் 7 டன்னுக்குச் சற்று மேல், பிசி 200 என்றால் 20 டன். மற்ற நிறுவன மெஷின்களுக்கும் இதை ஒட்டியே எண் இருக்கும். 3 டன் மெஷினின் வாளி கன மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட அள்ளாது. பிசி 75 அதைப்போல் மூன்று மடங்கு. பிசி 200 ஒரே வாய்க்கு 0.8 கன மீட்டர் அள்ளும். பெரியது எடுத்தால் சீக்கிரம் முடியுமே என்று நினைக்கத் தோன்றும். உங்கள் குளத்துக்கு அது தேவையில்லை. 20 டன் மெஷின் திரும்ப இடம் வேண்டும், அதை ஏற்றிவரும் லோலோடர் உங்கள் கம்போங் சாலையில் வளைய வேண்டும், வாசல் வடிகாலின் மேல் போட்ட கான்கிரீட் பலகை அந்த எடையைத் தாங்க வேண்டும். அரை நாள் வேலைக்கு வந்து, வாசலை உடைத்துவிட்டுப் போகும். 7 டன் மெஷின் உங்கள் ஆழத்தைத் தாராளமாக எட்டும். மணிக்கு 20 கன மீட்டர் என்று அடக்கமாக வைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குள் குழி வந்துவிடும். மீதி நேரம் சரிவு சீவுவதற்கும், மண்ணைத் தள்ளுவதற்கும், கரை கட்டுவதற்கும்.

இந்த "மண்ணைத் தள்ளுவது" என்ற இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மண்வாரி அள்ளித் திரும்பிக் கொட்டும், சுமந்துகொண்டு நடக்காது. கை எட்டும் ஆறு, ஏழு மீட்டருக்குள்தான் அது மண்ணைப் போடும். அந்தக் குவியலை அங்கிருந்து தோட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோக இன்னொரு வழி வேண்டும். தரை காய்ந்திருந்தால் இரண்டாம் நாள் ஒரு ஜேசிபி சொல்லுங்கள். முன்வாளியில் ஒரு கன மீட்டர் அள்ளி, ஓடி, கொட்டி, நிரவியும் விடும். அப்படியானால் ஜேசிபி ஒன்றை வைத்தே தோண்டிவிடலாமே என்று கேட்கலாம். காய்ந்த செம்மண்ணில் முடியும். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தாழ்ந்த களி நிலத்தில் அதன் டயர்கள் புதைந்துவிடும், பிறகு அதை இழுக்கவே மண்வாரி தேவைப்படும்.

நீங்களே ஓட்டலாமா என்பதற்கு என் பதில்: வேண்டாம். இங்கே வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் ஓட்டுநரோடுதான் அனுப்புவார்கள், அது நல்ல வழக்கம். இரண்டு லீவரையும் ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம், உண்மைதான். ஆனால் வாளியின் பற்களால் தரையைக் கிழிப்பது வேறு, அதே வாளியின் அடிப்பகுதியால் சரிவை ஒரே சீராகத் தேய்த்து இறக்குவது வேறு. நல்ல ஓட்டுநர் சரிவு சீவும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மேல் கையையும் முன்கையையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து அசைத்து, வாளியையும் சுழற்றி, மூன்று அசைவும் ஒன்றாகி வாளியின் விளிம்பு சரிவின் மேல் நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு வரும். பின்னால் விடும் தடத்தில் ஒரு கைவிரல் அளவு மேடு பள்ளம்கூட இருக்காது. பழகாதவர் கையில் அது அலை அலையாக வரும். ஒவ்வொரு பள்ளத்தையும் நீங்கள் மண்வெட்டியோடு நிரப்ப வேண்டியிருக்கும். ஆபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தளர்ந்த கரையின் ஓரத்தில் மெஷினை நிறுத்தினால் அது குழிக்குள் கவிழும். அந்த இடம் எது என்பது ஓட்டுபவரின் உடம்புக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

ஓட்டுநரின் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரிய அட்டையையும், மெஷினுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விலை கேட்கும்போது "ஒரு நாளைக்கு எவ்வளவு வெள்ளி?" என்று மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், எட்டா? கடிகாரம் மெஷின் உங்கள் வீட்டில் இறங்கியதும் ஓடத் தொடங்குமா, அவர்களின் கொட்டகையை விட்டுக் கிளம்பியதுமா? ஏற்றி இறக்கும் லோரிக் கூலி போக வர இரண்டுக்கும் சேர்த்தா? டீசல் யாருடையது? இது முன்பு சிறிய கேள்வி. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை முறை மாறி, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் போனதிலிருந்து இது பெரிய கேள்வி. மழை பெய்து மெஷின் சும்மா நின்றால் கூலி உண்டா? மெஷின் பழுதானால் அந்த நேரம் யார் கணக்கில்? பல் வாளியோடு, பல் இல்லாத அகல வாளியும் கொண்டுவருவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாலே எதிரில் இருப்பவர் உங்களை மதித்துப் பேசத் தொடங்குவார், ஏனென்றால் அகல வாளி இல்லாமல் சரிவு சுத்தமாக வராது. புக்கிட் மெர்தாஜாம் மலையை ஒட்டியோ தீவிலோ வெட்டுபவர்கள் பாறை உடைக்கும் கருவியின் வாடகையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் கருங்கல் உருண்டைகள் மண்ணுக்குள் ஒளிந்து கிடக்கும். இவை அனைத்தையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

இப்போது உங்கள் மண். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், தம்பி, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சிம்பாங் அம்பாட், புக்கிட் தம்புன், பத்து காவான், நிபோங் திபால் என்று கடலை நோக்கிப் போகப் போக, மேலே பழுப்பாகத் தெரிகிற மண்ணுக்குக் கீழே நீலச் சாம்பல் நிறக் களி வரலாம். பழைய கடற்படிவு அது. அதில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் என்ற தாது இருக்கக்கூடும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. தோண்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். அந்தக் களியைக் கரையின் மேல் அழகாகப் பூசிவிட்டு, மீன் விட்டு, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது, நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் பெருமழை பெய்யும். கரையில் சேர்ந்த அமிலம் முழுவதும் குளத்துக்குள் வழிந்து, காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மெஷின் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, குளத்தின் நடுவில் வரவேண்டிய இடத்தில் மண்வெட்டியால் ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள். மூன்று, நான்கு அடி போதும், மீதியைக் கைத்துளைப்பானால் எட்டலாம். வெளிவந்த மண்ணை ஆழ வரிசைப்படி ஒரு பழைய கித்தானின் மேல் அடுக்குங்கள். ஒரு கட்டியை உடைத்து முகருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் எச்சரிக்கை. உடைந்த முகத்தில், பழைய வேர் ஓடிய துளைகளை ஒட்டி வைக்கோல் நிறத்தில் மஞ்சள் பொட்டுகள் தெரிந்தால், அங்கே அமிலமாக்கல் ஏற்கெனவே நடந்திருக்கிறது. வாடை அடிக்கும் மண்ணில் கொஞ்சத்தை ஈரம் போகாமல் வாரக்கணக்கில் நிழலில் வைத்திருந்து, தண்ணீரில் கரைத்து, அலங்கார மீன் கடையில் விற்கும், அமில அளவைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 4க்குக் கீழே இறங்கினால் அந்த மண்ணை நம்பக் கூடாது. அப்படி வந்தால் குளமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நீலக் களிக்கு மேலேயே ஆழத்தை நிறுத்திக்கொள்ளுங்கள், 5 அடி என்பது 4 அடி ஆகட்டும். தவறி வெளிவந்த களியைக் கரையின் உச்சியில் போடாமல், நிரப்பும் இடத்தின் அடியில் போட்டு நல்ல மண்ணால் மூடுங்கள். கரைச் சரிவில் விவசாயச் சுண்ணாம்பு தூவுங்கள். மீன் விடுவதற்கு முன் குளத்தை நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பி இரண்டு மூன்று முறை அலசுங்கள். வடித்த நீரைப் பக்கத்து வயலுக்குள் விட்டுவிடாதீர்கள்.

அதே குழி இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்: அடியில் தண்ணீர் ஊறி நிற்கிறதா? எந்த மட்டத்தில்? அந்த மட்டம்தான் உங்கள் நிலத்தடி நீர். அது குளத்தின் அடித்தளத்துக்கு மேலே இருந்தால், மெஷின் வரும் நாளில் 3 அங்குல பம்பு ஒன்றும் கூடவே வரவேண்டும். தண்ணீர் கசியாமலிருக்கப் பிளாஸ்டிக் விரிப்பு போடும் எண்ணம் இருந்தால் அதையும் மறுபரிசீலனை செய்யவேண்டும்: கீழிருந்து வரும் நீர் விரிப்பைத் தூக்கி, குளத்தின் நடுவில் திமிங்கில முதுகு போல மிதக்க வைத்துவிடும். தண்ணீர் ஊறாமல் காய்ந்தே இருந்தால், குழியை நீங்கள் நிரப்பி, ஒரு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் கோடு போட்டு அளந்து பாருங்கள். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பென்சில் கனத்தில் கயிறாக்கி, வளையமாக வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் தண்ணீர் தாங்கும் களி.

விரிப்புதான் என்று முடிவானால், சரிவின் நீளம் பக்கத்துக்கு 2.7 மீட்டர், விளிம்பில் புதைக்க 60 செண்டிமீட்டர் என்று சேர்த்து, உங்கள் குளத்துக்கு 15க்கு 11 மீட்டர் அளவில் வாங்கினால் போதும். வெட்டி முடித்த பிறகு அளந்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

இடத்தைத் தயார் செய்வது முழுக்க உங்கள் வேலை, இங்கேதான் பணமும் மிச்சமாகும். எல்லைக் கல்லைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து நிலம் இயற்கையாக நிற்பதற்கு உங்கள் நிலம் தரும் பிடிமானம் அவருடைய உரிமை. நிலச் சட்டம் அதைச் சொல்கிறது. அவர் வேலி சரிந்தால் பொறுப்பு உங்களுடையது. ஆழத்தைப்போல இரண்டு மடங்காவது எல்லையிலிருந்து தள்ளி வெட்டுங்கள். பழைய வீடு என்றால் பின்புறம் மலக்குழித் தொட்டி இருக்கும், அதன் மூடி புல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். குச்சியால் குத்திப் பார்த்து, நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். தண்ணீர்க் குழாய் மீட்டரிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக வருகிறது, மின்கேபிள் புதைந்திருக்கிறதா, கம்பத்திலிருந்து வரும் கம்பி மெஷின் நடமாடும் வழிக்கு மேலே போகிறதா என்று பாருங்கள். மெஷினின் கை முழுதும் உயர்ந்தால் சாதாரண வீட்டுக் கம்பியைத் தொட்டுவிடும். குறைந்தது 3 மீட்டர் இடைவெளி இல்லை என்றால் தெனாகா மின்நிறுவனத்திடம் பேசாமல் தொடங்காதீர்கள். உயர் அழுத்தக் கோபுரங்களின் கம்பிப் பாதைக்குக் கீழே குளம் வெட்டும் எண்ணமே கூடாது.

பிறகு மட்டம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் பத்துப் பதினைந்து மீட்டர் வாங்கித் தண்ணீர் நிரப்பி, குளத்தைச் சுற்றி முளைகள் அடித்து, எல்லா முளையிலும் ஒரே மட்டத்தில் சிவப்புச் சாயம் தீட்டுங்கள். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் நிலம் 12 மீட்டரில் ஒரு முழம் சரிந்திருக்கும். தண்ணீர் பொய் சொல்லாது: நிரப்பிய நாளில் ஒரு முனை வழியும், மறு முனையில் ஓர் அடி கரை வெறுமையாகத் தெரியும். தாழ்ந்த பக்கத்தில் எவ்வளவு உயரம் கரை கட்டவேண்டும் என்பதை முளைகளே ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். நீங்கள் கத்த வேண்டியதில்லை.

நாள் குறிப்பதில் வடக்கு மாநிலத்துக்காரர்களான நமக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேண்டவே வேண்டாம். ஒரு மாலை மழை போதும், சீவிய சரிவு முழுவதும் சேறாக வழிந்துவிடும். ஆனால் அந்த நல்ல காலத்தில்தான் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வருகின்றன. ஓட்டுநர்கள் விடுப்பில் போவார்கள், பெருநாள் நெரிசலுக்காகக் கனரக வாகனங்களுக்குச் சாலையில் தடையும் போடுவார்கள். மெஷின் வந்துவிட்டு, திரும்பிப் போக லோலோடர் கிடைக்காமல் உங்கள் வீட்டில் நின்றால் வாடகைப் பேச்சு கசப்பாகிவிடும். பெருநாளிலிருந்து ஒரு வாரமாவது தள்ளி வையுங்கள்.

வேலை நாளில் வரிசை முக்கியம். முதலில் மேல்மண்ணை ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வழித்துத் தனியே குவிக்கச் சொல்லுங்கள். அது தங்கம், கடைசியில் பாத்திக்கும் கரையின் புல்லுக்கும் அதுதான் வேண்டும். கரை கட்டும் இடத்திலும் அதே மாதிரி வழித்துவிட்டு, வெறும் களியின் மேல்தான் கரையை எழுப்பவேண்டும். புல்லின் மேல் கொட்டிய கரைக்கு அடியில் தண்ணீர் கசிந்து வழி கண்டுபிடிக்கும். கரையை 15 செண்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் மெஷின் ஏறி மிதிக்கட்டும், ஓரங்களைக் குத்தி இறுக்கும் சிறு கருவியால் நீங்கள் இறுக்குங்கள். வாளியால் மேலே தட்டிவிடுவது இறுக்குவது ஆகாது. தோண்டுவதைத் தூரமான முனையில் தொடங்கி, வாசலை நோக்கிப் பின்வாங்கி வரவேண்டும். அல்லிக்காக ஒரு பக்கம் முக்கால் முழ ஆழத்தில் ஒரு படியை விடச் சொல்லுங்கள். பிறகு மண்வெட்டியால் அமைப்பது பெரும்பாடு. அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சற்றே சரிந்திருந்தால், பிற்காலத்தில் வடித்துச் சுத்தம் செய்யும்போது வாழ்த்துவீர்கள். மிகை நீர் வெளியேறும் வழியைக் கரையின் உச்சிக்கு ஓர் அடி கீழே, கட்டாந்தரையில் வெட்டுங்கள், புதுக்கரையில் வெட்டாதீர்கள்.

மெஷின் ஓடும்போது அதன் பின்புறம் சுழலும் வட்டத்துக்குள் யாரும் வரக் கூடாது. ஓட்டுநர் உங்கள் கண்ணைப் பார்க்காத வரை நெருங்காதீர்கள். பாதி வெட்டிய குழிக்குள், சரிவு இன்னும் சீவாத செங்குத்துக் கரையின் அடியில், அளவெடுக்கக்கூட இறங்காதீர்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் 1.8 டன், மார்பளவு புதைந்தாலே மூச்சு நின்றுவிடும். சைகை காட்டுவது ஒருவர் மட்டும். மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேர் நான்கு பக்கம் கை காட்டினால் ஓட்டுநர் யாரைப் பார்ப்பார்? பத்து மணிக்குத் தேநீரும் மதியம் சாப்பாடும் அவருக்கு நேரத்துக்குப் போகட்டும். அவர் ஒரு யோசனை சொன்னால் காது கொடுங்கள், நிறைய மண்ணைப் பார்த்தவர் அவர்.

மெஷினை ஏற்றி அனுப்புவதற்கு முன் முளைகளின் மட்டத்தை இன்னொரு முறை குழாயால் சரிபாருங்கள். கரையில் ஒரு முழம் குறைந்தால் அப்போது அது பத்து நிமிட வேலை. லோலோடர் போன பிறகு என்றால் மறுபடியும் போக வரக் கூலி.

தண்ணீரை ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். உங்கள் குளம் கரைக்கு ஓர் அடி கீழ்வரை ஏறத்தாழ 60,000 லிட்டர் பிடிக்கும். பாதி நிரப்பி ஒரு வாரம் விட்டு, கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிகிறதா என்று தினமும் சுற்றி வாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது அடங்கிப் பிஎச் தாளும் நல்ல பதில் சொன்ன பிறகு முதலில் பத்துப் பதினைந்து கப்பி மீன்களை மட்டும் விடுங்கள். கொசுப் புழுக்களை அவை தின்றுவிடும், ஏடிஸ் சோதனைக்கு வருபவர்களிடம் தலைகுனிய வேண்டியதும் இல்லை. அவை இரண்டு வாரம் துடிப்பாக இருந்தால் திலாப்பியாவோ கொய் மீனோ விடலாம்.

வேலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடுப்புக்கு மேல் உயரமான கம்பி வேலியையும் தானாக மூடிக்கொள்ளும் கதவையும் மெஷின் வாடகையோடு சேர்த்தே செலவுக் கணக்கில் எழுதுங்கள். முதல் சொட்டுத் தண்ணீர் விழுவதற்கு முன் அது நின்றிருக்கவேண்டும். வெட்டிவைத்த குழியில் ஓர் இரவு மழையே முழங்கால் அளவு தேங்கிவிடும்.